கடைமடையில் அளந்தால்தான் கணக்கு

காவிரியில் கருநாடகம் விட வேண்டிய நீர் எவ்வளவு என்று தஞ்சை மண்ணின் எந்தத் தேநீர்க் கடையில் வினவினாலும் புள்ளி பிசகாமல் விடை கிடைக்கும். சூன் திங்களுக்கு 9.19 ஆயிரம் மில்லியன் கன அடி (இதனைச் சுருக்கி ஆ.மி.க. என்பர்), சூலைக்கு 31.24, ஆகசுட்டுக்கு 45.95, ஆண்டு முழுமைக்கும் பிலிகுண்டுலுவில் அளந்து தரப்பட வேண்டியது 177.25. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி என்பதும், அதன் கொள்ளளவு 93.47 ஆ.மி.க. என்பதும் பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும். இனி, அதே கடையில் அமர்ந்திருப்போரிடம், “உங்கள் ஊர் வாய்க்காலின் கடைசி மதகிற்குச் சென்ற ஆண்டு நீர் வந்து சேர்ந்த நாள் எது? எத்தனை நாள் ஓடியது? அம்மதகிற்குக் கீழே எத்தனை மா நிலம் நனைந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “சரியாக வரவில்லை” என்பார் ஒருவர். “வந்தது, காலத்தில் வரவில்லை” என்பார் மற்றொருவர். எழுதி வைத்தவர் ஒருவரும் இரார்.

பிறன் தர வேண்டியதை அணுவணுவாகக் கணக்கிடக் கற்ற தமிழன், தன் கைக்கு வந்தது எவ்வளவு, தன் கையிலிருந்து நழுவியது எவ்வளவு என்று கணக்கிடக் கற்கவில்லை. அரசு அலுவலரும் அவரைப் பழிக்கும் ஊர் மக்களும் இக்குறையில் ஒருவரே. நிலத்தையும் நீரையும் விதையையும் காக்கவென்று புறப்பட்ட இயக்கங்களும் இதற்கு விலக்கல்ல என்பதுதான் வருத்தத்திற்குரியது.

இவ்வியக்கங்கள் வெளியிடும் அறிக்கைகளை எடுத்துப் படித்தால் உண்மை விளங்கும். ‘பெருந்திரளானோர் கலந்து கொண்டனர்’, ‘எழுச்சியுடன் நடைபெற்றது’, ‘மக்களிடையே விழிப்புணர்வு பரவியது’ என்று வரிக்கு வரி முழக்கம் இருக்கும். எந்தக் குளம், நீர் எத்தனை அடி ஏறியது, எந்த நெல், எத்தனை ஊரில் மீண்டது என்னும் வினாக்களுக்கு மட்டும் அங்கு விடை இராது. கூடிய கூட்டத்தை எண்ணுவது எளிது. கூட்டம் கலைந்த பின் வயலிலும் வாய்க்காலிலும் நேர்ந்தது என்ன என்பதை எண்ணுவதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். தோற்றால் அதை ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும்.

களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘இலாபம்’ என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் உண்டு. ஊதியம் என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க வடசொல்லை வாயில் வைத்துக் கணக்கைத் தொடங்குவது ஒருபுறம் இருக்கட்டும். ‘இலாபம்’ என்று தொடங்கும் அக்கணக்கில் ‘இழப்பு’ என்று ஒரு மரக்கால் எந்நாளும் அளக்கப்படுவதில்லை. இன்றைய காப்பு இயக்கங்களின் கணக்கும் அத்தகையதே. நட்ட கன்று எத்தனை என்று எழுதுவர். நின்ற கன்று எத்தனை என்று எழுதார்.

2021 ஆகசுட்டில் தமிழக அரசு தன் முதல் வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில், முப்பது மாவட்டங்களில் 76 இலக்கம் பனைவிதைகளும் ஓர் இலக்கம் பனங்கன்றுகளும் வழங்கப்படும் என்றும், அதற்கு மூன்று கோடி உருபா ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தது. பனை தமிழரின் மரம். அறிவிப்பு வரவேற்கத்தக்கதே. அரசைப் பின்பற்றியும் அதற்கு முன்பும் எத்தனையோ இளைஞர் குழுக்கள் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் பனைவிதைகளை ஊன்றின. ஊன்றிய நாளில் எடுத்த ஒளிப்படங்கள் எங்கும் காணக் கிடைக்கின்றன. அதே கரையில் ஐந்தாம் ஆண்டு நின்று, தலைகாட்டிய வடலி இத்தனை, ஆடு கடித்தது இத்தனை, கரை வெட்டுகையில் பொறியால் வழித்தெறியப்பட்டது இத்தனை என்று எண்ணி எழுதிய குழு எத்தனை? பனை வளர்ந்து பயன் தர ஏறத்தாழப் பதினைந்தாண்டு செல்லும். ஒரு நாள் விழாவாகத் தொடங்கி ஒரு நாளிலேயே முடியும் வேலைக்குப் பனையை விடப் பொருந்தாத மரம் பிறிதில்லை.

அளத்தல் என்பது மேலை நாட்டார் தந்த பழக்கம், தொண்டு செய்வோர்க்குக் கணக்கெதற்கு என்று கேட்போர் உளர். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களை ஒருமுறை சுற்றிவந்தால் அவர்தம் ஐயம் தீரும். இராசராசன் அக்கோயிலுக்கு ஒதுக்கிய ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில் ஒவ்வோர் ஊரின் பரப்பும் வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழான கீழ்வாய்ப் பின்னங்கள் வரை எழுதப்பட்டுள்ளது. மா என்பது இருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒரு பங்கு. முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அப்பரப்பிலிருந்து ஊர் இருக்கை, குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு முதலியவற்றின் நிலத்தைக் கழித்து, எஞ்சியதற்கே வரி கணிக்கப்பட்டது. வாய்க்கால் ஓடிய நிலத்தின் அளவு கல்லில் எழுதப்பட்டிருந்ததால், அதை ஒருவன் கவர்ந்தால் கல்லே அவனைக் காட்டிக்கொடுக்கும். இன்று வாய்க்காலைத் தூர்த்து மனை பிரிப்பவனுக்கு அத்தகைய கல் ஒன்றும் தடையாக இல்லை.

அக்கல்வெட்டுகளைப் பெருமைக்காக மட்டும் படிப்பதும் தவறு. சேரிகளின் நிலத்தைத் தனியே வகுத்து எழுதிய கையும் அதே கைதான். அளவுகோல் எவன் கையில் இருந்ததோ அவன் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிந்ததோ அப்படியே கணக்கும் அமைந்தது. இந்தக் கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்லுதல் நன்று.

தவறான ஒன்றை அளந்தால் நேரும் கேட்டிற்கும் தஞ்சையே சான்று. 1960இல் இந்திய அரசு போர்டு அறக்கட்டளையின் துணையோடு தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் முனைப்பு வேளாண் திட்டத்தைத் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்றாகத் தஞ்சாவூர் அமைந்தது. 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆய்வு நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுங்கால நெல் வெளிவந்தது. பசியால் வாடிய நாட்டிற்கு விளைச்சல் தேவையாக இருந்தது. அதனை மறுப்பது முறையாகாது. ஆயின் அத்திட்டத்தின் ஏட்டில் வெற்றிக்கு ஒரே அளவைதான் இருந்தது: ஏக்கருக்கு எத்தனை மூட்டை? அவ்வேட்டில் வைக்கோலுக்கு ஒரு பத்தி இல்லை. மண்ணின் மக்கிற்கு ஒரு பத்தி இல்லை. வயலில் மடிந்த நண்டுக்கும் நத்தைக்கும் மீனுக்கும் இல்லை. அவ்வாண்டு எந்த நெல் விதை பானையிலிருந்து எடுக்கப்படாமல் முளைப்பு கெட்டது என்று எழுதவும் இடமில்லை. எழுதப்படாத இழப்பை எவரும் இழப்பாகக் கருதவில்லை. ஏடு வெற்றி என்றது. அதே காலத்தில் வீட்டுக் குதிரிலிருந்து காட்டுயானமும் குடவாழையும் பூங்காரும் ஓசையின்றி வெளியேறின.

அவற்றை மீட்கப் புறப்பட்டவர் வரலாறு தமிழகம் அறிந்ததே. 2003இல் வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை மேற்கொண்ட நடைப்பயணத்தில் உடன் சென்றவர்களுள் திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டைச் சேர்ந்த செயராமனும் ஒருவர். வழியில் உழவர் சிலர் தந்த பழைய நெல்விதைகளே அவர் தொண்டிற்கு முதலாயின. பின்னர் அவர் பெயருக்கு முன் ‘நெல்’ என்பது நிலையாக ஒட்டிக்கொண்டது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வரும் உழவர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு கிலோ விதை விலையின்றி அளித்தார். ஒரே ஒரு கட்டுப்பாடு: அடுத்த ஆண்டு விழாவிற்கு வரும்போது நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும்.

இந்த எளிய கட்டுப்பாட்டின் அருமையைப் பலரும் உணரவில்லை. இதனைக் கொடைப்பண்பு என்று போற்றுவர். கொடை என்பது அதில் பாதிதான். மறுபாதி கணக்கு. ஒற்றை நாற்று நடவில் ஓர் ஏக்கருக்கு, அஃதாவது மூன்று மா நிலத்திற்கு, இரண்டு கிலோ விதையே போதும். ஆகவே இரண்டு கிலோ என்பது நினைவுப் பொருளாக மாடத்தில் வைக்கும் அளவன்று. உண்மையாகப் பயிர் செய்யத்தக்க அளவு. நான்கு கிலோ திரும்பி வந்தால் அவ்வுழவர் விதைத்தார், விளைவித்தார், உண்டது போக விதைக்கென்று ஒதுக்கிக் காத்தார் என்னும் உண்மைகள் எல்லாம் அந்தச் சாக்கிலேயே வந்து சேர்ந்துவிடும். வினாத்தாள் வேண்டா, மேற்பார்வையாளர் வேண்டா, ஆங்கிலத்தில் ஆண்டறிக்கை வேண்டா. திரும்பி வராவிட்டாலும் அது ஒரு செய்தியே. நூறு பேர்க்குத் தந்த விதை நூறு பேரிடமிருந்து இரட்டித்து வந்தால் அடுத்த ஆண்டு இருநூறு பேர்க்குத் தரலாம். ஐம்பது பேரிடமிருந்து வந்தால் இயக்கம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று பொருள். அதற்கும் குறைந்தால் தேய்கிறது என்று பொருள். குறிக்கோளும் அதை அடைந்தோமா என்று அறியும் வழியும் ஒன்றாகவே பின்னிக் கிடப்பது இத்தகைய ஏற்பாட்டில்தான். எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துத் தராத அளவைமுறையை ஓர் ஊர்ப்புறத்து மாந்தர் வகுத்தார்.

செயராமன் 2018 திசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். 174 வகை நெல்லை மீட்டவர் என்று அன்று நாடே பேசியது. இன்றும் அவ்வெண்ணையே மேடைகளில் கூறுகின்றனர். அவர் தொண்டைப் போற்றுவதில் குறையில்லை. ஆனால் அவர் பெயரால் இயங்குவோர் 174 என்னும் எண்ணையே வெற்றியின் அளவாகக் கொண்டால், அவர் வகுத்த அளவையை அவர்களே கைவிட்டவராவர். வகையின் எண்ணிக்கை என்பது மீட்சியின் தொடக்கக் கணக்கு. ஒரே நெல் இரண்டு ஊர்களில் இரண்டு பெயரால் வழங்குவதும், ஒரே பெயரில் இரண்டு நெல் வழங்குவதும் உழவர் அறிந்ததே. பெயரை எண்ணுவது நெல்லை எண்ணுவதாகாது. காட்சிக்கென்று கண்ணாடிக் குடுவையில் ஒரு பிடி நெல்லை வைத்து ‘மீட்கப்பட்டது’ என்று எழுதி ஒட்டுவதும் மீட்பாகாது. முளைப்புத் திறன் போனபின் அது நெல்லன்று, வெறும் அரிசியின் உறை.

வினவ வேண்டியது வேறு. ஒட்டடையான் இவ்வாண்டு எத்தனை ஊரில் நின்றது? எத்தனை மாவில்? அவ்வூர்கள் ஒரே வாய்க்காலைச் சேர்ந்தவையா, வெவ்வேறு ஆற்றுப் பாய்ச்சலைச் சேர்ந்தவையா? ஒரே வாய்க்கால் என்றால் ஒரு வெள்ளத்தில் அவ்வகை அழியும். 2018 நவம்பரில் கசா புயல் திருமறைக்காட்டுக் கரையிலிருந்து உள்நாடு வரை அலைத்துச் சென்றதை மறந்தவர் இலர். விதையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கூரையோடு போகும். வெவ்வேறு ஆற்றுப் பாய்ச்சலில் மூன்று ஊரிலேனும், ஊருக்கு மூன்று மாவிலேனும் நில்லாத வகை எதுவும் மீட்கப்பட்டதாகக் கருதப்படாது என்று ஒரு வரம்பு கட்டினால் என்ன? அவ்வாறு கட்டினால் 174 என்பது முதலாண்டில் குறைந்து தோன்றக்கூடும். தோன்றட்டும். குறைந்த உண்மைக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் ஒரு வகை, இரு வகையாக ஏறுவது, நிறைந்த பொய்க்கணக்கில் மகிழ்ந்திருப்பதைவிடச் சிறந்தது.

விதையில் இப்படி, நீரில் இன்னும் மோசம். தூர்வாரும் பணிக்கு 2021இல் காவிரிப் படுகையில் ஏறத்தாழ 65 கோடி உருபா செலவில் 4,060 கிலோமீட்டர்க்கு மேலும், 2022இல் 80 கோடியில் 4,960 கிலோமீட்டர்க்கு மேலும், 2023இல் 90 கோடியில் 4,770 கிலோமீட்டர்க்கு மேலும் திட்டமிடப்பட்டதாக அரசு அறிவித்தது. இவை பெரிய எண்கள். இவற்றில் எதுவும் கடைமடை உழவனின் வினாவிற்கு விடையன்று. கிலோமீட்டர் என்பது பொறி ஓடிய தொலைவு. கோடி என்பது பணம் ஓடிய தொலைவு. நீர் ஓடிய தொலைவு எங்கே எழுதப்பட்டுள்ளது? ஆற்றின் நடுவில் மண்ணை அள்ளிக் கரையில் கொட்டினாலும் கிலோமீட்டர் கணக்கில் சேரும்; அதே மண் அடுத்த மழையில் சரிந்து ஆற்றில் விழுந்தாலும் கணக்கு குறையாது. பேராறுகள் தூர்வாரப்பட்டு, ‘சி’ என்றும் ‘டி’ என்றும் அலுவலர் ஆங்கில எழுத்தால் அழைக்கும் சிறு வாய்க்கால்கள் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்தால், நீர் கண்ணெதிரே ஓடிக் கடலில் கலக்கும், வயல் வெடிக்கும்.

2017 மார்ச்சில் தமிழக அரசு ‘குடிமராமத்து’ என்னும் பழைய பெயரை மீண்டும் எடுத்து, முதற்கட்டமாக நூறு கோடி உருபாவில் 1,519 பணிகளை அறிவித்தது. குடி தமிழ், மராமத்து அரபுச்சொல். ஊர் மக்கள் தாமே கூடிக் கரை கட்டி வாய்க்கால் வெட்டிய அருஞ்செயலுக்கு வேற்றுமொழிப் பெயர் வாய்த்ததும், 1858இல் ஆங்கிலேயர் அதனைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியதும் அடிமைத்தனத்தின் இருபடிகள். புதிய திட்டத்தில் பாசன உழவர் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. நல்ல விதிதான். பத்தில் ஒரு பங்கு தந்தவனுக்குப் பணி முடிந்ததா என்று அளந்து பார்க்கும் உரிமையில் பத்தில் ஒரு பங்கேனும் தரப்பட்டதா என்பதே கேள்வி. கையெழுத்திடும் உரிமை ஒப்பந்தக்காரர்க்கும் அலுவலர்க்கும் மட்டுமே உரியதாயின் உழவன் அங்குக் குடியன்று, கூலி.

இந்நிலையில் பேராவூரணிப் பக்கத்து இளைஞர் செய்த செயல் எண்ணத்தக்கது. 1934இல் மேட்டூர் அணையோடு அமைந்த கல்லணைக் கால்வாயின் கடைக்கோடியில் அமைந்த நிலம் அது. கசா புயலுக்குப்பின் அப்பகுதியினர் கூடிக் கடைமடை உழவர்க்கென்று ஓர் அமைப்பை நிறுவினர். அழகிய தமிழ்ப் பெயர் இருக்க, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துக் ‘கைஃபா’ என்று அழைத்துக்கொள்வானேன் என்பது வேறு வழக்கு. அவர்கள் 2019இல் 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினர். அரசை எதிர்பாராது, ஊராரிடமும் வெளிநாடுகளில் வாழும் அவ்வூர்த் தமிழரிடமும் பணம் திரட்டினர். இங்குக் காணவேண்டியது, குளத்தைத் தேர்ந்ததில் உள்ள நேர்மை. குளம் தானே ஓர் அளவுகோல். நீர் வந்தால் நிறையும், வராவிட்டால் வெடிக்கும். ‘விழிப்புணர்வு பரவியது’ என்று குளத்தைப் பார்த்து எவரும் பொய் சொல்ல இயலாது. பின்னர் அவர்கள் வேறு பல குளங்களுக்கும் சென்றனர். அக்குளங்கள் ஒவ்வொன்றிலும் வாரும்முன் இருந்த ஆழம், வாரியபின் ஆழம், மூன்றாம் ஆண்டு வண்டல் படிந்தபின் ஆழம் ஆகிய மூன்றும் கரையில் நட்ட கல்லில் எழுதப்படுமானால், பணம் தந்த தமிழனும் கரையில் வாழும் தமிழனும் ஒரே கணக்கைப் படிப்பர். முதல் அளவு எடுக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டால் பின்னர் எதனோடு எதனை ஒப்பிடுவது? இந்தப் பிழையைத்தான் பெரும்பாலான இயக்கங்கள் செய்கின்றன. ஆர்வம் மிகுதியால் மண்வெட்டியை முதலில் எடுக்கின்றனர். அளவுகோலை இறுதியில் தேடுகின்றனர்.

அளக்காமையால் வரும் இழப்பு ஊர் எல்லையோடு நிற்பதன்று. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்பிரவரி 5ஆம் நாள் தந்த இறுதித் தீர்ப்பில் தமிழகத்தின் பங்கு 419 ஆ.மி.க. பதினோராண்டு கழித்து, 2018 பிப்பிரவரி 16ஆம் நாள் உச்ச முறைமன்றம் அதனை 404.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீர்க்கென்று கூறப்பட்டது. எஞ்சிய 10 ஆ.மி.க. எதன்பொருட்டுப் போயிற்று? தமிழகத்துக் காவிரிப் படுகையின் நிலத்தடியில் 20 ஆ.மி.க. நீர் உள்ளது, அதில் பத்தைக் கணக்கில் கொள்ளலாம் என்னும் அடிப்படையில் போயிற்று. தஞ்சை உழவனின் கிணற்றடியில் உள்ள நீரைக் காட்டியே அவன் ஆற்றுநீர் குறைக்கப்பட்டது.

அந்நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது? ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் காவிரி ஓடி ஊறுவதால் வருகிறது. ஆறு வறண்ட ஆண்டு அதுவும் கீழிறங்கும். கடலோரத்தில் அது இறங்கும்போது உப்புநீர் உள்ளே ஏறும். இதனைத் தமிழகத்து வழக்குரைஞர் எடுத்துரைக்காமல் இல்லை. ஆயின் தலைஞாயிற்றிலும் திருமறைக்காட்டிலும் முத்துப்பேட்டையிலும் ஊருக்கு ஒரு கிணறு என்று குறித்து, ஆண்டுக்கு இருமுறை கயிறு விட்டு ஆழம் பார்த்து, நீரின் உப்பையும் அளந்து, இருபதாண்டு தொடர்ந்து எழுதிய ஊர் ஏடுகள் ஐந்நூறு அம்மன்றத்தின் மேசைமேல் அடுக்கப்பட்டிருந்தால், ‘நிலத்தடியில் நீர் இருக்கிறதே’ என்று சொல்வது அத்துணை எளிதாயிருக்குமா? தில்லி தமிழனுக்கு ஓரவஞ்சனை செய்கிறது என்பது மெய். ஓரவஞ்சனைக்காரன் முன் வெறுங்கையோடு நின்றதும் மெய்யே.

உலக அரங்கிலும் இதே நோய் உண்டு. 2010இல் சப்பானின் நகோயாவில் கூடிய நாடுகள் உயிரினங்களைக் காக்க இருபது இலக்குகளை வகுத்து, 2020க்குள் நிறைவேற்றுவதாக உறுதி கூறின. ஐச்சி இலக்குகள் என்று அவற்றிற்குப் பெயர். பத்தாண்டு கழித்து ஒன்றிய நாடுகளின் அறிக்கை, இருபதில் ஒன்றும் முழுமையாக நிறைவேறவில்லை என்று கூறிற்று. 2022 திசம்பரில் மாண்ட்டிரியலில் மீண்டும் கூடி, இம்முறை இருபத்துமூன்று இலக்குகளை 2030க்கு வகுத்துள்ளனர். இலக்கு வகுத்தல் என்பது எழுதுகோலின் வேலை; அது முடிந்ததும் எல்லாரும் வீடு திரும்பிவிட்டனர். வல்லரசுகளே இப்படி என்றால் ஆதிரெங்கத்து நான்கு கிலோவின் அருமை இன்னும் நன்றாக விளங்கும்.

கணக்கு வேண்டும் என்றதும் சில தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணம் தருவோர்க்கென நிரப்பும் ஆங்கிலப் படிவங்களை நினைத்து அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் முறையானதே. நாற்று நடும் பெண்ணின் வயலில் நின்று அவளுக்கு விளங்காத மொழியில் எண்களைக் குறித்துக்கொண்டு போய், வேற்று நாட்டு அலுவலகத்தில் சேர்ப்பது அளவையன்று, திருட்டு. அவள் வயலின் கணக்கு அவள் மொழியில் அவள் ஊர்ச்சுவரில் இருக்க வேண்டும்; தவறென்றால் அவளே அதைச் சுட்டிக்காட்டத்தக்கதாக இருக்க வேண்டும்.

அளப்பவர் யார் என்பதும் இங்கு வந்து சேர்கிறது. மதகின் திறப்பும் அடைப்பும் எவர் கையில் இருந்தனவோ அவர் வயல் எந்நாளும் காய்ந்ததில்லை. 1968 திசம்பரில் வெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் எரிந்த மண்ணில், பெருநிலக்காரர் நால்வர் கூடி எழுதிய ஏட்டை ஊர்க்கணக்கு என்று கூறல் ஆகாது. நட்ட பத்தாம் நாள் வயலில் நின்று எங்கே நாற்று அழுகியது, எங்கே மறுநடவு வேண்டும் என்று கண்ணால் அறிபவர் நடவுப் பெண்கள். கதிர் வரும்போது கூட்டத்தில் கலந்துவிட்ட வேற்று நெல்லைக் கண்டு பிடுங்கி எறிபவரும் அவர்களே. வாய்க்காலில் நள்ளிரவில் நின்று நீர் கட்டியவர் சேரித் தோழர். இவர்கள் இருசாராரும் இல்லாத அளவைக் குழு பாதிக் கண்ணோடு அளக்கும் குழு. விதைக் கணக்கைப் பெண்களிடமும் மதகுக் கணக்கை நிலமில்லாத் தொழிலாளரிடமும் முதற்பொறுப்பாக ஒப்படைத்து, நிலமுடையோர் அதனைச் சரிபார்க்கட்டும். இதுகாறும் இருந்த முறைக்கு நேர்மாறு இது என்பதால் முகம் சுளிப்போர் இருப்பர்.

2023இல் மேட்டூர் வழக்கம்போல் சூன் 12ஆம் நாள் திறந்தது. கருநாடகம் முறைப்படி நீர் தரவில்லை. படுகையில் குறுவை கருகியது. அக்டோபர் 10ஆம் நாள் அணை மூடப்பட்டது. 2024இல் சூன் 12 வந்து போயிற்று, அணை திறக்கவில்லை. சூலை இறுதியில்தான் திறந்தது. இந்த நாள்களையெல்லாம் செய்தித்தாள் எழுதி வைத்திருக்கிறது. கீழையூரிலும் தகட்டூரிலும் கடைசி மதகில் நேர்ந்ததை எந்தச் செய்தித்தாளும் எழுதாது. அதனை எழுத அவ்வூரார்க்கு வேண்டுவன ஒரு கலயம் சுண்ணாம்பும் ஒரு தூரிகையும், கடைசி மதகின் சுவரில் அடி, அரையடி என்று கோடிட்ட ஓர் அளவுப்பட்டையும்தான். அணை திறந்த நாள், இங்கு நீர் வந்த நாள், உயர்ந்த அளவு, நின்ற நாள், நனைந்த மா, காய்ந்த மா என்று ஆண்டிற்கு ஒரு வரி. எழுதுபவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் வரியை இவ்வாண்டிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு நீர் எத்தனை நாள் வரவில்லை என்று நினைவுடைய முதியோர் ஊரில் இன்னும் இருக்கையில் அவர்களைக் கேட்டு, அதிலிருந்தே தொடங்குக.